ஒரே இதயத்தில் இரண்டு தாளக் கோளாறுகள்: பிரித்தறிவதும் அப்லேஷன் செய்வதும்

படபடப்புக்காக இபி ஆய்வுக்கு (இதயத்தின் மின்னோட்டத்தைக் கதீட்டர்களால் அளக்கும் ஆய்வு) வந்தவரிடம் முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு டாக்கிகார்டியா (மிகைவேகத் துடிப்பு) தூண்டப்பட்டு, அதன் பெயரும் தெரிந்துவிட்டால், கை தானாகவே, கோளாறான திசுவைச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் கதீட்டரைத் தேடிப் போகும். இபி ஆய்வகத்தில் பயிற்சி பெறும் மருத்துவர்களுக்கும், திரையின் முன் அமர்ந்து அளவெடுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் எழுதப்படும் இந்தக் கட்டுரை, அந்த இடத்தில் சற்று நிற்கச் சொல்கிறது. கையில் சிக்கிய முதல் கோளாறு அந்த நோயாளியின் ஒரே கோளாறாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கும்போது, ஆய்வு முழுவதும் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது: உடனிருப்பது வேறு, உடந்தையாக இருப்பது வேறு. மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இயல்பான வழியைத் தவிர ஒரு கூடுதல் பாதை இருக்கிறது என்று நிரூபிப்பதும், அந்தப் பாதைதான் டாக்கிகார்டியாவை ஓட்டுகிறது என்று நிரூபிப்பதும் தனித்தனி வேலைகள்.

எவை சேர்ந்து வரும்

அதிகம் பேசப்படும் இணை, ஏவி கணுவை (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் இறங்கும் இயல்பான வாயில்) சுற்றி ஓடும் ஏவிஎன்ஆர்டியும் கூடுதல் பாதை வழியாகத் திரும்பும் ஏவிஆர்டியும். ஏவி கணுவின் இரட்டைப் பாதை இயல்பு (வேகப் பாதை, மெதுப் பாதை என இரண்டு வழிகள் இருப்பது), டாக்கிகார்டியாவே வராத பலரிடமும் காணப்படுவதால், கூடுதல் பாதை உள்ளவரிடமும் அது இருப்பதில் வியப்பில்லை. அடுத்த இணை, மேலறை ஒழுங்கற்றுத் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும், அது ஒழுங்காக மிக வேகமாகத் துடிக்கும் ஃப்ளட்டரும். இவை ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை என்பதால், ஃப்ளட்டருக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்களில் கணிசமானோர் பின்னாளில் ஃபிப்ரிலேஷனுடன் திரும்பி வருகிறார்கள். 1930-இல் வுல்ஃப், பார்க்கின்சன், வைட் ஆகிய மூவரும் விவரித்த டபிள்யூபிடபிள்யூ நிலையில் (கூடுதல் பாதை கீழறையை முன்கூட்டியே தூண்டும் நிலை) ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சேர்ந்தால், இந்தப் பட்டியலிலேயே உயிருக்கு மிக ஆபத்தான இணை அதுதான். எப்ஸ்டைன் குறைபாடு (ட்ரைகஸ்பிட் வால்வின் பிறவிக் குறை) உள்ள இதயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கூடுதல் பாதைகள் இருக்கக்கூடும். மேலறையில் பிறக்கும் ஏட்ரியல் டாக்கிகார்டியாவுடன் ஏவிஎன்ஆர்டியும், அரிதாக ஏவிஎன்ஆர்டியுடன் கீழறையில் பிறக்கும் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவும் ஒரே ஆளிடம் வரலாம்.

மேசைக்கு வருமுன்

பழைய இசிஜிகள் அனைத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவசரப் பிரிவில் எடுத்த மங்கலான ஒரு தாள், ஆய்வகத்தில் இரண்டு மணி நேரம் தேடியும் கிடைக்காததைக் காட்டிவிடும். ஒரு பதிவில் பி அலை (மேலறைத் துடிப்பின் அலை) க்யூஆர்எஸ்ஸின் (கீழறைத் துடிப்பின் அலை) வாலில் ஒட்டிக்கொண்டு, வி1-இல் சிறு போலி ஆர் அலையாகத் தெரிகிறது. இன்னொரு பதிவில் பி அலை எஸ்டி பகுதியில் தனியாக நிற்கிறது என்றால், ஆய்வு தொடங்குமுன்பே இரண்டு டாக்கிகார்டியாக்களை எதிர்பார்க்கலாம். நிமிடத்துக்கு 150 என்ற அளவில் அசையாமல் ஓடும் ஒழுங்கான துடிப்பு, இரண்டுக்கு ஒன்றாகக் கடத்தப்படும் ஃப்ளட்டராக இருக்கக்கூடும். இயல்பான தாளத்தில் எடுத்த இசிஜியில் டெல்டா அலை (க்யூஆர்எஸ்ஸின் சாய்வான தொடக்கம்) இருப்பது கூடுதல் பாதையைச் சுட்டும்; ப்ரீஎக்ஸைட்டட் ஃபிப்ரிலேஷனின்போது (கூடுதல் பாதை வழியாகக் கீழறைக்கு இறங்கும் ஃபிப்ரிலேஷன்) அதன் வடிவம் இரண்டு விதமாக மாறுவது, ஒன்றுக்கு மேற்பட்ட கூடுதல் பாதைகளைச் சுட்டும்.

ஏவி கணுவைச் சில விநாடிகள் அடைக்கும் அடினோசினைக் கொடுத்தபோது எடுத்த பதிவு இருந்தால் அது புதையல். 6 மில்லிகிராம், தேவைப்பட்டால் 12 மில்லிகிராம் என வேகமாகச் செலுத்தியபோது டாக்கிகார்டியா எப்படி நின்றது என்று பாருங்கள். கடைசியாக ஒரு பி அலை வந்து, அதன் பின் க்யூஆர்எஸ் வராமல் நின்றிருந்தால், ஏவி கணு அந்தச் சுற்றின் அங்கம் என்று கொள்ளலாம். க்யூஆர்எஸ் மட்டும் விட்டுப்போய் மேலறை அலைகள் தொடர்ந்து ஓடியிருந்தால், கோளாறு மேலறையிலேயே இருக்கிறது. அடினோசின் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டிவிடும் என்பதால், கூடுதல் பாதை இருக்கக்கூடியவருக்கு டிஃபிப்ரிலேட்டர் பக்கத்தில் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது. அகன்ற க்யூஆர்எஸ்ஸுடன் ஒழுங்கற்று ஓடும் ப்ரீஎக்ஸைட்டட் ஃபிப்ரிலேஷனில் அடினோசின், வெராபமில், டில்டியாசெம், டிகாக்சின் ஆகிய எதையும் தொடவே கூடாது.

தாள மருந்துகளை, அவற்றின் அரை ஆயுட்காலத்தைப் போல் ஐந்து மடங்கு காலத்துக்கு முன்பே நிறுத்துவது வழக்கம். அமியோடரோன் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

அடிப்படை அளவுகள்

தொடை சிரை வழியாக மேல் வலது மேலறை, ஏவி கணுவை அடுத்துள்ள ஹிஸ் பகுதி, இடது மேலறையின் விளிம்பை ஒட்டி ஓடும் கரோனரி சைனஸ், வலது கீழறை முனை என நான்கு இடங்களில் கதீட்டர்களை வைத்த பின், தூண்டுதலுக்கு அவசரப்படாமல் சைனஸ் தாளத்தில் (இதயத்தின் இயல்பான தாளம்) ஏஹெச் (மேலறையிலிருந்து ஹிஸ் வரை), ஹெச்வி (ஹிஸ்ஸிலிருந்து கீழறை வரை) இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். ஹிஸ் மின்னலையைக் கதீட்டரால் பதிவு செய்யும் முறை 1969-இல் வந்தது முதல், இந்தத் துறையின் அரிச்சுவடி இந்த இரு எண்கள்தான். ஹெச்வி பொதுவாக 35 முதல் 55 மில்லிவிநாடி வரை இருக்கும். அது 35-க்குக் கீழ் இருந்தால் கீழறையின் ஒரு பகுதி வேறு வழியாக முன்கூட்டியே தூண்டப்படுகிறது என்று பொருள். மேலறை பேசிங்கில் (கதீட்டர் வழியாகச் செயற்கையாகத் துடிக்கவைப்பதில்) வேகத்தைக் கூட்டக் கூட்ட ப்ரீஎக்ஸைட்டேஷன் கூடிக்கொண்டே போனால் அது வழக்கமான கூடுதல் பாதை. ஏஹெச் நீண்டும் குறுகிய ஹெச்வி அப்படியே அசையாமல் நின்றால் அது ஹிஸ்ஸுக்குக் கீழே பிரியும் ஃபேசிகுலோவென்ட்ரிகுலர் பாதையாக இருக்கலாம். அதற்கு அப்லேஷன் தேவையே இல்லை. தேவையில்லாததைச் சுடாமல் விடுவதும் இந்தக் கலையில் பாதி.

பிறகு கீழறை பேசிங். மின்னோட்டம் கீழிருந்து மேலே எந்த வரிசையில் ஏறுகிறது என்பதைக் கரோனரி சைனஸ் பதிவில் கவனியுங்கள். இங்கே தொடக்கநிலையினர் அடிக்கடி ஏமாறும் ஓர் இடம் உண்டு. இடது பக்கச் சுவரில் உள்ள மறைந்த பாதை (கீழிருந்து மேலே மட்டும் கடத்துவதால் இசிஜியில் தெரியாத பாதை), வலது கீழறை முனையிலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. வலது முனையில் பேசிங் செய்யும்போது ஏவி கணு முந்திக்கொள்வதால், மேலறை நடுவிலிருந்து இருபுறமும் பரவும் இயல்பான வரிசையே தெரியும். பாதை இல்லை என்று தோன்றிவிடும். பேசிங் வேகத்தைக் கூட்டி ஏவி கணு தாமதிக்கத் தொடங்கும்போதுதான் கரோனரி சைனஸின் தொலைமுனை முதலாவதாகத் துடிக்கும். அப்போதும் ஐயம் இருந்தால் கீழறை பேசிங் ஓடிக்கொண்டிருக்கையில் அடினோசின் கொடுங்கள். ஏவி கணு அடைபட்ட அந்தச் சில விநாடிகளிலும் மேலே கடத்தல் தொடர்ந்தால், அது ஏறிவரும் வழி பெரும்பாலும் கூடுதல் பாதையாகத்தான் இருக்கும்.

மேலறைக் கூடுதல் தூண்டலை 10 மில்லிவிநாடி முன்னே நகர்த்தும்போது ஏஹெச் 50 மில்லிவிநாடியோ அதற்கு மேலோ திடீரெனத் தாவினால், இரட்டைப் பாதை இயல்பு இருக்கிறது. இந்தத் தாவல் ஓர் உடனிருப்பு மட்டுமே. தாவலைக் கண்டதும் ஏவிஎன்ஆர்டி என்று எழுதிவிடுவது, வீட்டில் கத்தி இருப்பதால் வீட்டுக்காரரைக் கைது செய்வதைப் போன்றது.

டாக்கிகார்டியா ஓடும்போது

தூண்டப்பட்ட டாக்கிகார்டியாவில் முதலில் நடுச்சுவரில் விஏ (கீழறையிலிருந்து மேலறை வரை) இடைவெளியை அளவிடுங்கள். அது 70 மில்லிவிநாடி அல்லது அதற்குக் கீழ் என்றால் ஏவிஆர்டி விலகிவிடுகிறது. வழக்கமான ஏவிஎன்ஆர்டி அல்லது ஏட்ரியல் டாக்கிகார்டியா எஞ்சுகிறது. 70-க்கு மேல் என்றால் மூன்றுமே களத்தில் உள்ளன.

அடுத்து, டாக்கிகார்டியாவின் சுழற்சியைவிட 10 முதல் 40 மில்லிவிநாடி குறைவான இடைவெளியில் வலது கீழறையிலிருந்து பேசிங் செய்து, மேலறையும் அதே வேகத்துக்கு வந்ததை உறுதிசெய்த பின் நிறுத்துங்கள். மேலறை பேசிங் வேகத்துக்கு வராமலேயே நிறுத்திவிட்டு விடையைப் படிப்பதுதான் இந்தச் சோதனையில் நடக்கும் முக்காலே மூன்று வீசம் தவறு. நிறுத்தியதும் வரும் வரிசை வி-ஏ-வி என்றால் ஏவிஎன்ஆர்டி அல்லது ஏவிஆர்டி. வி-ஏ-ஏ-வி என்றால் ஏட்ரியல் டாக்கிகார்டியா. ஆனால் விஏ நேரம் பேசிங் இடைவெளியைவிட நீண்டிருந்தால், கடைசிப் பேசிங்குக்கு உரிய மேலறைத் துடிப்பு ஒரு படி தள்ளி வந்து, போலியான வி-ஏ-ஏ-வி வரிசையைக் காட்டும். ஆகவே பேசிங்கின் வேகத்திலேயே வந்த கடைசி மேலறைத் துடிப்பு எது என்பதை அளவுகோலை வைத்துத் தேடிப் பிடித்த பிறகே எழுத்துக்கூட்டுங்கள்.

வி-ஏ-வி வந்திருந்தால், நிறுத்திய பின் வரும் முதல் இடைவெளியிலிருந்து டாக்கிகார்டியாவின் சுழற்சியைக் கழியுங்கள். 115 மில்லிவிநாடிக்கு மேல் என்றால் கீழறை சுற்றுக்கு வெளியே இருக்கிறது, ஏவிஎன்ஆர்டி. 115-க்குக் கீழ் என்றால் நடுச்சுவர்ப் பாதை வழியான ஏவிஆர்டி. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பேசிங்கால் ஏவி கணு சோர்ந்து ஏஹெச் நீண்டிருந்தால் அந்தக் கூடுதலைக் கழித்துவிட வேண்டும். கழித்த பின் எல்லை 110 என்று கொள்வார்கள். இடது சுவர்ப் பாதை வலது முனையிலிருந்து தொலைவில் இருப்பதால், உண்மையான ஏவிஆர்டியிலும் இந்த எண் எல்லையைத் தாண்டக்கூடும்.

உடனிருப்பையும் உடந்தையையும் பிரிக்கும் மிகக் கூர்மையான கருவி, ஹிஸ் தூண்டலை ஏற்காத நேரத்தில் விடப்படும் கீழறைத் துடிப்பு. அந்த நேரத்தில் அது ஹிஸ் வழியாக மேலே போக முடியாது. அப்படியும் அடுத்த மேலறைத் துடிப்பு முன்னதாக வந்தால் கூடுதல் பாதை ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான் பொருள். அந்தத் துடிப்பால் மேலறை தாமதமானாலோ, அது மேலறையை எட்டாமலேயே டாக்கிகார்டியா நின்றுபோனாலோதான் பாதை சுற்றில் பங்கேற்கிறது என்று உறுதியாகிறது. மறுதலையாக, மேலறை அசையவே இல்லை என்பதற்காகப் பாதை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தொலைவில் உள்ள இடது பாதைக்கு அந்தத் துடிப்பு நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்காது.

இயற்கையே செய்துகாட்டும் சோதனை ஒன்றும் உண்டு. டாக்கிகார்டியா ஓடும்போது, ஹிஸ்ஸிலிருந்து பிரியும் இரு கிளைகளில் ஒன்றில் அடைப்பு வந்து, விஏ இடைவெளி 35 மில்லிவிநாடிக்கு மேல் நீண்டால், அடைப்பு ஏற்பட்ட அதே பக்கத்து வெளிச்சுவரில் உள்ள பாதை சுற்றில் பங்கேற்கிறது. 1974-இல் இதய மருத்துவர் குமெல் விளக்கிய இந்த விதிக்குக் கதீட்டர் செலவு கிடையாது. அடைப்பு வந்ததையும் போனதையும் ஒரே பதிவில் பிடிக்கும் கவனம் போதும்.

டாக்கிகார்டியா அகன்ற க்யூஆர்எஸ்ஸுடன் முழு ப்ரீஎக்ஸைட்டேஷனில் ஓடினால், அது கூடுதல் பாதை வழியாக இறங்கும் ஆன்டிட்ரோமிக் ஏவிஆர்டியா, அல்லது ஏவிஎன்ஆர்டி ஓடிக்கொண்டிருக்க, கூடுதல் பாதை வேடிக்கை பார்க்கும் ஆளாகக் கீழறையைத் தூண்டிவிடுகிறதா என்ற கேள்வி எழும். நடுச்சுவர் மேலறை ஏற்கெனவே துடித்துவிட்ட தருணத்தில், பாதைக்கு அருகே உள்ள மேலறை விளிம்பில் ஒரு தாமதமான தூண்டலைக் கொடுங்கள். அது கீழறையை முன்னதாக வரவழைத்து, அதைத் தொடர்ந்து அடுத்த மேலறைத் துடிப்பையும் முன்னதாக இழுத்து வந்தால், பாதை சுற்றின் அங்கம்.

ஒரு பதிவை நெருங்கிப் பார்ப்போம்

சைனஸ் தாளத்தில் ஹெச்வி 45, டெல்டா அலை இல்லை. மேலறைத் தூண்டலில் ஏஹெச் 150-இலிருந்து 230-க்குத் தாவி, குறுகிய க்யூஆர்எஸ்ஸுடன் டாக்கிகார்டியா தொடங்குகிறது. தாவலுடன் தொடங்கியதால், ஆய்வகத்தில் உள்ள பாதிப் பேர் ஏவிஎன்ஆர்டி என்று மனதுக்குள் எழுதிவிடுவார்கள். திரையைப் பாருங்கள்: சுழற்சி ஒரு துடிப்புக்கு 320, அடுத்ததற்கு 395, மீண்டும் 320 என்று மாறி மாறி வருகிறது. எது மாறுகிறது, எது மாறவில்லை? நடுச்சுவரில் விஏ ஒவ்வொரு துடிப்பிலும் 130 என்று அசையாமல் நிற்கிறது. மாறுவது ஏஹெச் மட்டுமே. கரோனரி சைனஸின் தொலைமுனைதான் மேலறையில் முதலில் துடிக்கிறது.

திரும்பி ஏறும் வழி ஒன்றுதான், அது இடது சுவர்ப் பாதை. இறங்கும் வழிகள் இரண்டு, ஒருமுறை வேகப் பாதை, ஒருமுறை மெதுப் பாதை. ஆக இது இரட்டைப் பாதை இயல்பைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏவிஆர்டி. ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கிளை அடைப்பு வந்து விஏ 130-இலிருந்து 175-க்குப் போனால் ஐயத்துக்கு இடமில்லை. இந்த நிலையில் மெதுப் பாதையைச் சுட்டிருந்தால் என்ன நடக்கும்? டாக்கிகார்டியா தொடங்குவது கடினமாகி, அன்றைக்குத் தூண்டப்படாமலும் போகும். வெற்றி என்று அறிக்கை எழுதப்படும். கூடுதல் பாதையோ உள்ளே அப்படியே இருக்கும். சில வாரங்களில் நோயாளி அதே படபடப்புடன் வந்து நிற்பார்.

இடது பாதையை அப்லேஷன் செய்த பின், அதே நோயாளியிடம் இதயத்தை வேகப்படுத்தும் ஐசோப்ரெனலின் மருந்து ஓடும்போது சுழற்சி 345, விஏ 40 என இன்னொரு டாக்கிகார்டியா தூண்டப்படுகிறது என்று கொள்வோம். இது புதிதாக முளைத்ததல்ல. முன்பு கீழறையிலிருந்து ஏறிய ஒவ்வோர் அலையும் கூடுதல் பாதை வழியாக மேலறையை முந்திக்கொண்டு தூண்டியதால், ஏவி கணுவின் சுற்று தொடங்க வாய்ப்பே கிடைக்கவில்லை. தடை நீங்கியதும் வெளியே வந்திருக்கிறது. ஆகவே முதல் அப்லேஷனுக்குப் பின் முழு ஆய்வையும் முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். சுட்ட இடத்தைச் சோதித்தால் மட்டும் போதாது.

எதை முதலில் சுடுவது

கூடுதல் பாதையும் ஏவிஎன்ஆர்டியும் சேர்ந்திருந்தால் கூடுதல் பாதையை முதலில் கையாளுங்கள். இதற்கு வசதியைத் தாண்டிய ஒரு பாதுகாப்புக் காரணம் இருக்கிறது. மெதுப் பாதையைச் சுடும்போது ஏவி கணுவுக்குக் காயம் படுகிறதா என்பதை இரண்டு அடையாளங்களால் காண்கிறோம்: சைனஸ் துடிப்பில் பிஆர் (பி அலையிலிருந்து க்யூஆர்எஸ் வரை) நீள்வது, ஜங்ஷனல் துடிப்புகளின் (ஏவி கணுப் பகுதியில் பிறக்கும் துடிப்புகள்) பின் மேலறை துடிக்காமல் விட்டுப்போவது. வெளிப்படையான (மேலிருந்து கீழேயும் கடத்தும்) கூடுதல் பாதை இருந்தால், ஏவி கணு அடைபட்டாலும் கீழறை அந்தப் பாதை வழியாகத் துடித்துக்கொண்டிருக்கும். மறைந்த பாதை இருந்தால், ஜங்ஷனல் துடிப்பின் பின் மேலறை அந்தப் பாதை வழியாகத் துடித்து, எல்லாம் சரி என்று பொய்ச் சாட்சி சொல்லும். இரண்டு எச்சரிக்கை மணிகளும் ஊமையாகிவிட்ட அறையில் வேலை செய்யக் கூடாது.

கூடுதல் பாதையை அழிக்குமுன், ஏவி கணு தன் காலில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளிப்படையான ப்ரீஎக்ஸைட்டேஷன் உள்ளவர்களில் அரிதாகச் சிலருக்கு ஏவி கணுவின் கடத்தல் பலவீனமாக இருந்து, கூடுதல் பாதையே அவர்களுடைய கீழறையைக் காத்துவரும்.

ஏவிஆர்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே சுட்டால், பாதை அறுந்த கணத்தில் தாளம் சட்டென மாறி, இதயத்தின் அசைவில் கதீட்டர் நழுவிவிடும். பாதி சுட்ட இடத்தை மீண்டும் தேடுவது எரிச்சலான வேலை. அதே வேகத்தில் கீழறை பேசிங்கை ஓடவிட்டு, மேலேறும் வரிசையைப் பார்த்துக்கொண்டே சுட்டால், பாதை அறுந்தாலும் வேகம் மாறாது, கதீட்டரும் நிற்கும். இடது பாதைக்கு இரு மேலறைகளுக்கும் இடையேயான சுவரைத் துளைத்துச் செல்வதாக இருந்தால் ஹெபாரின் கொடுத்து ஏசிடியை (ரத்தம் உறைய எடுக்கும் நேரம்) 300 விநாடிக்கு மேல் வைத்திருங்கள்.

பிறகு மெதுப் பாதை. டோடாரோ தசைநாண், ட்ரைகஸ்பிட் வால்வின் நடுச்சுவர் இதழ், கரோனரி சைனஸ் வாய் ஆகியவை எல்லையிடும் கோக் முக்கோணத்தின் அடிப்பகுதியில், கரோனரி சைனஸ் வாயின் மட்டத்திலிருந்து தொடங்கி, தேவைப்பட்டால் மட்டுமே சற்று மேலே நகருங்கள். சைனஸ் தாளத்தில் ரேடியோஃப்ரீக்வென்சி (திசுவைச் சூட்டால் அழிக்கும் மின்னாற்றல்) கொடுக்கும்போது நிதானமான ஜங்ஷனல் துடிப்புகள் வருவது நல்ல அறிகுறி. ஒவ்வொரு ஜங்ஷனல் துடிப்புக்கும் ஒரு மேலறைத் துடிப்பு இருக்கிறதா என்று ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், ஜங்ஷனல் தாளம் வேகமெடுத்தாலும் காலை மிதியிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். நிலையான ஏவி அடைப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது; வந்தால் அது ஆயுள் முழுவதற்கும் பேஸ்மேக்கர். பிஆர் ஏற்கெனவே நீண்டிருப்பவரிடமும், ஹிஸ்ஸை ஒட்டியுள்ள பாதையிலும் கிரையோ முறைக்கு ஒரு மேன்மை உண்டு: மைனஸ் 30 டிகிரி அளவில் உறையவைத்துச் சோதித்து, கடத்தல் கெட்டால் சூடேறவிட்டு மீட்டுக்கொள்ள முடியும். அதற்கு விலையாக, கோளாறு திரும்பி வரும் வாய்ப்பு ரேடியோஃப்ரீக்வென்சியைவிடச் சற்றே அதிகம்.

தாவலோ ஒற்றை எதிரொலித் துடிப்போ (ஒரே ஒரு முறை சுற்றித் திரும்பும் துடிப்பு) மட்டும் இருந்து, ஐசோப்ரெனலினிலும் ஏவிஎன்ஆர்டி தூண்டப்படவில்லை என்றால், அந்த மெதுப் பாதையை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே இருக்கிறோம், அதையும் முடித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இந்த முக்கோணத்தில் இடம் கொடுக்க வேண்டாம். வெளிப்படையான கூடுதல் பாதைக்கு இதே தாராளம் பொருந்தாது. அது ஏவிஎன்ஆர்டியில் வெறும் பார்வையாளராக இருந்தாலும், ஃபிப்ரிலேஷன் வரும் நாளில் அதுவே கொலையாளியாகலாம். ஃபிப்ரிலேஷனின்போது ப்ரீஎக்ஸைட்டட் துடிப்புகளுக்கு இடையே மிகக் குறுகிய இடைவெளி 250 மில்லிவிநாடி அல்லது அதற்கும் கீழ் என்றால், அந்தப் பாதையை விட்டுவைக்கக் கூடாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் சேர்ந்திருந்தால்

இளம் வயதில், இதய அமைப்பில் குறை ஏதுமின்றி, ஃபிப்ரிலேஷனுடன் வருபவரிடம் நுரையீரல் சிரைகளை நோக்கிப் போகுமுன் வேறு டாக்கிகார்டியா தூண்டப்படுகிறதா என்று பாருங்கள். வேகமான ஏவிஎன்ஆர்டியோ ஏவிஆர்டியோ ஓடி ஓடியே மேலறையைக் குலைத்து ஃபிப்ரிலேஷனில் தள்ளிவிடுவது உண்டு. மூலக் கோளாறை மட்டும் நீக்கினால் ஃபிப்ரிலேஷனும் பலரிடம் அடங்கிவிடுகிறது. இடது மேலறையில் பெரிய அளவில் சுடவேண்டிய தேவையே எழாது. டபிள்யூபிடபிள்யூவிலும் இதே வரிசைதான், முதலில் கூடுதல் பாதை. வயது முதிர்ந்தவரிடமும், மேலறை விரிந்தவரிடமும் இந்த நம்பிக்கை குறைவு.

ஃப்ளட்டரும் ஃபிப்ரிலேஷனும் இரண்டுமே பதிவாகியிருந்தால், ஒரே அமர்வில் நுரையீரல் சிரைகளை மின்னோட்டத்திலிருந்து பிரித்துவிட்டு, ட்ரைகஸ்பிட் வால்வுக்கும் கீழ்ப் பெருஞ்சிரைக்கும் இடையேயான இஸ்துமஸில் கோடு போடுவது நடைமுறை. சிரைகளிலிருந்து எழும் துடிப்புகளே ஃபிப்ரிலேஷனைத் தூண்டுகின்றன என்று 1998-இல் பிரான்சின் போர்தோ நகரக் குழு காட்டியதன் தொடர்ச்சி இது. ஃப்ளட்டர் இஸ்துமஸைச் சார்ந்ததுதானா என்பதை அங்கிருந்து பேசிங் செய்து உறுதிப்படுத்துங்கள்: திரும்பும் இடைவெளிக்கும் சுழற்சிக்கும் வேறுபாடு 30 மில்லிவிநாடிக்குள் இருந்தால் இஸ்துமஸ் சுற்றுக்குள் இருக்கிறது. கோடு போட்டதும் ஃப்ளட்டர் நின்றது என்பதை முடிவாகக் கொள்ளாமல், கோட்டின் இருபுறமும் மாறி மாறிப் பேசிங் செய்து இருதிசை அடைப்பை நிரூபியுங்கள். சிரைகளுக்குப் மின்புலத் துடிப்புகளால் திசுவை அழிக்கும் பல்ஸ்டு ஃபீல்டு கதீட்டரைப் பயன்படுத்திவிட்டு அதே கருவியால் இஸ்துமஸையும் முடிக்க நினைத்தால், அருகில் ஓடும் வலது கரோனரித் தமனி இறுகக்கூடும் என்பதை நினைவில் கொண்டு நைட்ரோகிளிசரினைத் தயாராக வைத்திருங்கள்.

ஃபிப்ரிலேஷனுக்கு ஃபிளெக்கனைடு போன்ற மருந்து எடுப்பவரிடம் ஃப்ளட்டர் மெதுவாகி, ஒன்றுக்கு ஒன்றாகக் கீழறைக்கு இறங்கி, அகன்ற க்யூஆர்எஸ்ஸுடன் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவைப் போலவே தோன்றக்கூடும். ரத்தம் உறையாமைக்கான மருந்தை, அப்லேஷனுக்குப் பின் 2 முதல் 3 மாதங்கள் கட்டாயம் தொடர வேண்டும். அதன் பின் தொடர்வதா என்பதை நோயாளியின் பக்கவாத ஆபத்து மதிப்பெண் முடிவு செய்யும், அன்றைய தாளம் அல்ல.

கீழறையும் சேர்ந்துகொண்டால்

இரண்டு டாக்கிகார்டியாக்கள் ஒரே நேரத்தில் ஓடுவதும் உண்டு. மேலறை ஒரு கணக்கில், கீழறை வேறு கணக்கில், ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஓடினால் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியாவைத் தேடுங்கள். அப்போது மேலறையும் தன் போக்கில் வேகமாக ஓடினால் இரண்டும் இருக்கின்றன. மேலறை வேகம் கீழறை வேகத்தைவிட அதிகம் என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கீழறைக் கோளாறை நிராகரிப்பது, ஐசிடி (உடலுக்குள் பொருத்தும் டிஃபிப்ரிலேட்டர்) பதிவுகளைப் படிக்கும்போது எளிதில் செய்துவிடும் பிழை. மேலறை பேசிங்கால் கீழறையைக் கைப்பற்ற முயலுங்கள். க்யூஆர்எஸ் குறுகினால் அகன்ற வடிவம் கீழறையில் பிறந்தது. இதயத்தில் தழும்பு இருந்தால் கீழறைக் கோளாறுக்கே முன்னுரிமை. அமைப்பு இயல்பான இதயத்தில் நோயாளியைத் துன்புறுத்துவது எது என்று பழைய பதிவுகள் காட்டுகின்றனவோ, அதிலிருந்து தொடங்கலாம்.

முடிந்ததா என்று பார்ப்பது

கடைசி அப்லேஷனுக்குப் பின் 20 முதல் 30 நிமிடங்கள் காத்திருங்கள். கூடுதல் பாதையில் இரு திசைக் கடத்தலும் இல்லை, ஏவிஎன்ஆர்டி ஐசோப்ரெனலினிலும் தூண்டப்படவில்லை, இஸ்துமஸில் இருதிசை அடைப்பு, சிரைகளில் உள்நுழைவும் வெளியேற்றமும் அடைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய முடிவுநிலை இருக்கிறது. ஒன்றின் வெற்றியை மற்றதன் சான்றாகக் கொள்ள முடியாது. அடினோசின் கொடுத்து, உறங்கும் கடத்தல் விழிக்கிறதா என்றும் பாருங்கள். ரத்த அழுத்தம் காரணமின்றிச் சரிந்தால் முதலில் எக்கோவை எடுங்கள், மற்ற விளக்கங்களைப் பிறகு யோசிக்கலாம்.

அறிக்கையில், சுட்டவற்றோடு சுடாமல் விட்டவற்றையும் எழுதுங்கள்: தாவல் இருந்தது, ஒற்றை எதிரொலி வந்தது, நீடித்த டாக்கிகார்டியா தூண்டப்படவில்லை, ஆகவே மெதுப் பாதை தொடப்படவில்லை. தூண்டப்பட்ட ஒவ்வொரு டாக்கிகார்டியாவின் சுழற்சியையும் விஏ இடைவெளியையும், எந்தச் சோதனையால் எது விலக்கப்பட்டது என்பதையும் தனித்தனி வரியாகக் குறித்து, அந்தப் பதிவுத்தாள்களின் நகலை நோயாளியின் கையிலும் கொடுத்து அனுப்புங்கள்.